வாட்ச் வாரில் நாலாவது ஓட்டை

மட்டாஞ்சேரியில் என் கணவருக்கு மிளகு மண்டியில் குமாஸ்தா வேலை. கல்யாணத்தில் என் அப்பா அவருக்குப் போட்ட வாட்சின் வார் அறுந்தபோது, கொச்சங்காடியில் ஒரு தோல் தொழிலாளியிடம் மணிக்கட்டு அளவு கொடுத்து, மலிவாகப் புதிது தைத்து வாங்கினார். அதில் மூன்றே ஓட்டைகள்.

போன மாதம் பார்த்தால், வெகு உள்ளே தள்ளி நாலாவதாக ஓர் ஓட்டை! தோலும் அங்கே மடிந்து தேய்ந்திருந்தது. அவ்வளவு சின்னக் கை யாருடையது? நேரே கொச்சங்காடிக்கே போய்க் கேட்டேன்.

"ஸார் சொல்லிப் போட்டதாக்கும். ஒரு ஸ்திரீயோட கை அளவுக்குச் சேரணும்னார்" என்றார் தைத்தவர்.

வீட்டுக்கு வந்ததும், என்னை அழைத்துப் போகும்படி பாலக்காட்டிலிருக்கும் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். சாயங்காலம் கோவிலுக்கென்று கிளம்பிய கணவரின் பின்னாலேயே போனேன். கோவில் வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் அவர் வாட்சைக் கழற்றி நீட்ட, அவள் உரிமையோடு தன் கையில் கட்டிக்கொண்டாள்!

"ஏன்னா, என்ன கூத்து இது?" என்று தெருவென்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அவள்தான் பதில் சொன்னாள்: "தோல் வாரோட ஸார் உள்ளே போகமாட்டார், மாமி. பூக்கூடையில வெச்சா ஈரத்துல வார் கெட்டுடும். என் கையில கட்டினா நழுவிச்சு. அதுக்காக்கும் இந்த ஓட்டை."

நல்லவேளை, கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. அடுப்பில் போட்டேன். ஆனால் என் அப்பா வாங்கிய வாட்சை நான் ஒருநாள்கூடக் கட்டிப் பார்த்ததில்லையே என்ற பொருமல் மட்டும் அடங்கவில்லை.

சகோதரிகளே, இப்போது நானும் கூடவே கோவிலுக்குப் போகிறேன். அவர் கும்பிட்டு வரும்வரை வாட்சோடு வாசலில் நிற்பது நான்தான். அந்த நாலாவது ஓட்டை என் கைக்குக் கச்சிதமாக இருக்கிறது.