மொஸ்ஸோ ஏரியில் கயிறு பிடித்த கதை

இந்த டேனிஷ் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று திங்கட்கிழமை கேட்பார்கள். கேட்டே தீருவார்கள். ரண்டர்ஸ் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற பென்ட், ஒவ்வொரு திங்களும் கோப்பி நேரத்தில் என்னைக் கேட்டான். வந்த புதிதில் நான் உண்மையைச் சொன்னேன். "காத்திருந்தேன்." அடுத்த திங்களும் அதே பதில். மூன்றாவது திங்கள் அவன் கோப்பிக் குவளையை வைத்துவிட்டு என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. பஸ்கூடச் சொன்ன நிமிடத்துக்கு வந்துவிடுகிற நாட்டில் பாவம், காத்திருந்து பழக அவர்களுக்கு எங்கே வாய்ப்பு? நாங்கள் பஸ்ஸுக்கும் சங்கக்கடை மாவுக்கும் ஊரடங்கு எடுபடுவதற்கும் காத்திருந்தே தேறியவர்கள்.

அப்போது என் மனைவி திரேசாவும் சிறுமியான எங்கள் மகளும் மன்னார் பேசாலையில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு நான் கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழரின் விண்ணப்பங்களோடு கோப்பன்ஹேகனில் அமைச்சின் ஏதோ ஓர் அலுமாரியின் அடியில் கிடந்தது. அது தானாகக் கிடக்கவில்லை, கிடத்தி வைக்கப்பட்டது என்பதும், அதற்காக ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போகும் என்பதும் பின்னால் வந்த கதை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபாற்பெட்டி மூடியின் சத்தம்தான்.

மூன்று டேனிஷ்காரர் ஓரிடத்தில் கூடினால் நாலாவது கதிரையில் ஒரு 'பொறெனிங்' வந்து உட்கார்ந்துவிடும். சங்கம் என்று பொருள். பென்ட்டின் சங்கம், ஏரிக்கடியில் மூழ்கிய தோணிகளைத் தேடும் சங்கம். அவன் கேட்டான், "நீ கடற்கரை ஆள்தானே?" ஓம் என்றேன். கடற்கரை ஆள்தான், ஆனால் தபால் கந்தோர்க் கிளார்க், தோணியில் ஏறினால் வாந்தி எடுப்பவன் என்று விளக்குமளவுக்கு அன்று என்னிடம் டேனிஷ் இருக்கவில்லை. கிளார்க் என்ற இடத்தை எட்டுவதற்குள் அவன் என் பெயரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டான்.

வீட்டில் என்னோடு குசினியைப் பங்குபோட்ட குணம் அண்ணை, அரியாலையைச் சேர்ந்தவர், வெங்காயம் வெட்டியபடி விசாரித்தார்.

"எடே அந்தோனி, கடலுக்குப் பயந்துதானே நீ தபால் கந்தோரில ஒளிச்சனீ. இப்ப ஐஸ் தண்ணிக்க குதிக்கப் போறியோ?"

"நான் குதிக்கேல்லை அண்ணை. குதிக்கிறவனுக்கு மேல நிண்டு கயிறு பிடிக்கிறதாம்."

"பிடி பிடி. இஞ்ச பிடிச்சுத் தொங்க எங்களுக்கு வேற என்ன கிடக்கு."

மொஸ்ஸோ, ரண்டர்ஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணித்தியாலம். சித்திரை மாதத்திலும் அந்தத் தண்ணீரில் விரலை வைத்தால் விரல் என்னுடையதுதானா என்ற சந்தேகம் வரும். தேடும் முறை எளிது. இரண்டு வள்ளங்கள், நடுவே ஈயம் கட்டிய நீண்ட கயிறு. இரண்டையும் சமமாக வலித்துப் போனால் கயிறு அடித்தரையைத் தடவிக்கொண்டே வரும். எங்காவது சிக்கினால் ஒருவன் இறங்கிப் பார்ப்பான். அப்படிச் சிக்கியவை பெரும்பாலும் பாறைகள். ஒருமுறை ஒரு சைக்கிள். அதற்கும் அவர்கள் கோப்பி குடித்துக் கொண்டாடினார்கள். அந்தக் காலத்தில் மரம் ஏற்றிப்போன தட்டைத் தோணி ஒன்று அங்கே கிடக்கிறது என்பது பென்ட்டின் நம்பிக்கை. எங்கள் கடலில் மூழ்கிய மரத்தைப் புழு அரித்துச் சில வருடத்தில் கணக்கு முடித்துவிடும். இங்கே உப்பு இல்லை, புழு இல்லை, குளிரும் இருட்டும்தான். கெடவும் கெடாது, மேலே வரவும் வராது. எனக்கு அமைச்சின் அலுமாரி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனேன்.

ஒரு சனிக்கிழமை, மன்னாரில் தேவாலயச் சுவாமியாரின் ரெலிபோனுக்குத் திரேசா வந்திருந்தாள்.

"சனமெல்லாம் வள்ளம் பிடிச்சு ராமேஸ்வரம் போகுதுகள். நாங்களும் போறதோ, இருக்கிறதோ?"

"பாப்பம், திரேசா. கடிதம் வரும்."

"போன முறையும் பாப்பம் எண்டனீங்கள். ஆரைப் பாக்கிறியள்?"

"இந்தியாவுக்குப் போனா விலாசம் மாறும். முதல்ல இருந்து தொடங்கச் சொல்லுவாங்கள்."

"அப்ப இருக்கிறதோ?"

"அப்பிடியும் நான் சொல்லேல்லை."

பிறகு தொடர்பு அறுந்தது, அல்லது அவள் வைத்துவிட்டாள். இருக்கச் சொல்லி அங்கே குண்டு விழுந்தாலும், போகச் சொல்லி வள்ளம் கவிழ்ந்தாலும் பழி என்னுடையது. ஆகவே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஏரியில் கயிறு சிக்கியது. முதுகில் காற்று உருளையும் இடுப்பில் வேறொரு கயிறும் கட்டிக்கொண்டு பென்ட் இறங்கினான். மறுநுனி என் கையில். எங்கள் ஐயா பேசாலையில் சங்கு குளிப்பவர்களுக்குக் கயிறு பிடித்தவர். அந்த வேலையில் சட்டம் ஒன்றுதான். கீழே இருப்பவன் ஒருமுறை சுண்டினால் இழு, கேள்வியெல்லாம் ஆள் மேலே வந்த பிறகு. மூச்சை அடக்கி இறங்கியவன் வேறெதற்குச் சுண்டுவான்?

கயிறு ஒருமுறை சுண்டியது. என் கைகள் என்னைக் கேட்கவில்லை. இழுத்தேன். கயிறு மறுபடி சுண்டியது, பிறகு விடாமல் உதறியது. ஐயோ, சாகிறான் என்று இன்னும் வேகமாக இழுத்தேன். அந்த இழுவையை ஐயா பார்த்திருந்தால் மகனை மன்னித்திருப்பார். முகமூடி கழன்று, மூக்கில் இரத்தம் வடிய, பென்ட் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஏன் இழுத்தாய்?"

"நீ சுண்டினாய்."

"ஒருமுறை சுண்டினால் நான் நலம் என்று அர்த்தம்."

நான் அவனை நம்ப முடியாமல் பார்த்தேன். "நலமாக இருப்பதைச் சொல்லவா ஒருவன் கயிற்றைச் சுண்டுவான்?"

"என் கை தோணியின் மர விலாவில் இருந்தது, அந்தோன்," என்றான். திட்டவில்லை. அதுதான் இவர்களிடம் பொறுக்க முடியாதது. நான் இழுத்த வேகத்தில் சிக்கிய கயிறு கழன்று, வள்ளமும் காற்றோடு நகர்ந்திருந்தது. அவன் மறுபடி இறங்கியபோது அங்கே வெறும் சேறு. அந்த ஆண்டு முழுக்க அந்த இடம் அகப்படவில்லை.

கரையில் துவாயைப் போர்த்திக்கொண்டு எனக்கு விளக்கினான். "கீழே இருட்டு. என் கையே எனக்குத் தெரியாது. நீயும் திருப்பி ஒருமுறை சுண்டினால் போதும், மேலே ஆள் இருக்கிறது என்று தெரியும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்."

"பதில் வராவிட்டால்?"

யோசித்தான். "அப்போது பயம் வரும். பயந்தவன் பிழையாகத்தான் முடிவெடுப்பான்."

வரும் வழியெல்லாம் நான் வழக்கமான சிரிப்புப் பகிடி எதுவும் விடவில்லை. சுகமில்லையா என்று பென்ட் கேட்டான்.

அடுத்த முறை சுவாமியாரின் ரெலிபோனில் திரேசா பேசுவதற்கு முன் நான் தொடங்கினேன். "எனக்கு ஒண்டும் தெரியாது, திரேசா. கடிதம் எப்ப வருமெண்டும் தெரியாது, வருமோ எண்டும் தெரியாது. நான் இஞ்சதான் இருக்கிறன். போறதெண்டா போங்கோ. எங்க போனாலும் அந்த விலாசத்துக்கு எழுதுவன். அமைச்சுக்கும் எழுதுவன்."

"இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ?"

"ஓம்."

"சரி. பிள்ளைக்குத் தலைக்கு ஒரு துணி எடுக்கவேணும். வள்ளத்தில பனி அடிக்கும்."

மண்டபம் அகதி முகாமிலிருந்து அவளுடைய முதல் கடிதம் வரும்வரை நான் பட்டதை எழுதமாட்டேன். பகிடிக்காரன் என்று எடுத்த பெயர் கெட்டுவிடும்.

விலாசம் மாறியதால் நான் பயந்தபடியே எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. அலுமாரிகள் திறபட்டு, அனுமதி வந்து, அவர்கள் வந்து சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இடையில் பென்ட் தோணியைத் திரும்பக் கண்டுபிடித்திருந்தான். அதைக் கிளப்பாமல் கிடந்தபடியே விட்டார்கள். கோடையில் சங்கத்தார் குடும்பங்களோடு ஏரிக்கரையில் இறைச்சி சுட்டபோது நானும் இருவரையும் கூட்டிப்போனேன். மகள் டேனிஷ் பிள்ளைகளோடு அரைக்கால் தண்ணீரில் நின்றாள். திரேசா தண்ணீருக்குக் கிட்டப் போகவில்லை. வள்ளத்தில் ஏறச் சொல்லி பென்ட் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு சொன்னனீங்கள்?"

"ஒரு பழைய தோணி."

"அதில வந்த சனம்?"

இத்தனை ஞாயிறுகளில் தோணியின் நீளம், அகலம், மரத்தின் சாதி எல்லாம் கேட்டிருக்கிறோம். இதை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. நான் பென்ட்டுக்குச் சொன்னேன். எலும்பு எதுவும் அகப்படவில்லை, நீந்திக் கரையேறி வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றான்.

"எந்தக் கரைக்கு?" என்றாள்.

பென்ட் ஒரு கையை மேற்கே நீட்டினான். கொஞ்சம் யோசித்தான். அந்தக் கையை இறக்காமலே மற்றக் கையைக் கிழக்கே நீட்டினான்.

திரேசா அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். "அப்ப ரெண்டு பக்கத்திலயும் ஆரோ வழி பாத்துக்கொண்டு நிண்டிருப்பினம்," என்றாள்.