வெந்நீரில் வைத்த கால்

முதல் வலி தொழும்போது வந்தது. அதிகாலை சுபுஹுத் தொழுகையின் கடைசி இருப்பில் (இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, வலது பாதத்தை நிமிர்த்தி, விரல்களை மடக்கித் தரையில் ஊன்றியிருக்கும் நிலை) வலது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்குச் சற்றுப் பின்னால், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்ததும் போய்விட்டது. அரை மணி நேரத்தில் நான் முடிச்சூர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜிலிருந்து பட்டாணிப் பாக்கெட்டை எடுத்துக் காலில் கட்டிக்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்கிறீர்களே, உங்களுக்கு. அதிலும் உடம்பில் சர்க்கரையை வைத்துக்கொண்டு இந்தக் கூத்தை அடிக்கிறவர்களுக்கு. ஆறுதல் வேண்டுமென்றால் வேறு எங்காவது போங்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. மேற்குத் தாம்பரத்தில் பைப், குழாய், கீஸர் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் சர்க்கரை இருப்பது தெரிந்தது. என் அத்தாவுக்கும் (அப்பாவுக்கும்) இருந்தது. அவருக்குப் பெருவிரலில் ஒரு புண் வந்து, அது ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் சாகும்வரை பள்ளிவாசலின் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார். அந்த நாற்காலிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவற்றைத் தாண்டி முன்வரிசைக்குப் போகும்போது இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதனால்தான் ஓட ஆரம்பித்தேன். ஓட ஓடச் சர்க்கரை இறங்கியது. மாத்திரையையும் குறைத்தார்கள். ஓட்டம் நின்றால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் கால் போகும். என் மண்டையில் இருந்தது இது ஒன்றுதான். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில்தான் திறக்கவில்லை. ஓடுகிற குழுவில் திறந்தேன். அங்கே சேகர் அண்ணா என்று ஒருவர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லாருடைய முட்டிக்கும் குதிகாலுக்கும் அவராகவே பொறுப்பு எடுத்துக்கொண்டவர்.

"இன்னா பாய், காலை இஸ்துகினு வர்ற?" என்றார்.

"மேல் பாதம் வலிக்குதுண்ணா."

"ஷூ லேசை இறுக்கமா கட்டிகினு கீற, அதான். லூசாக்கு. வூட்டுக்குப் போயி ஐஸ் வை. மூணே நாளு."

அவருக்கு எல்லா வலிக்கும் மூன்று நாள்தான்.

நியாயமாகச் சொன்னால், அவர் சொன்னதில் தப்பு இல்லை. சதைப்பிடிப்பு, லேசான சுளுக்கு, புது ஷூவின் உரசல் இதற்கெல்லாம் வீட்டு வைத்தியம் போதும். இரண்டு நாள் ஓய்வு, கொஞ்சம் ஐஸ், காலைத் தூக்கி வைத்துப் படுப்பது. ஆனால் நாம் ஐஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஓய்வை விட்டுவிடுகிறோம். நான் ஐஸ் வைத்தேன். தைலம் தேய்த்தேன். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டினேன். மீள்பட்டி (இழுத்துச் சுற்றும் துணிக்கட்டு) சுற்றி, அதன்மேல் சாக்ஸைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஓடினேன். ஒரு ஓட்டத்தைக்கூட விடவில்லை. என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது!

இரண்டாவது வாரத்தில் ஓட்டத்தைவிட இருப்பில்தான் அதிகம் வலித்தது. விரலை மடக்கினால் பாதம் பிளப்பதுபோல இருந்தது. ஒரு நாள் லுஹர் என்னும் மதியத் தொழுகையில், யாருக்கும் தெரியாமல், வலது பாதத்தைப் பக்கவாட்டில் சரித்து வெளியே நீட்டி உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. முடியாதவருக்கு அப்படி உட்கார அனுமதி உண்டு. முடியவில்லை என்பதை ஒத்துக்கொள்ளாமல் நான் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்தேன். ஐந்து வேளையும் வலியில்லாமல் தொழுதேன். கால் சரியாகிவிட்டது என்று குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். சேகர் அண்ணா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பாதத்தை நகர்த்தி வைத்துவிட்டு வலி போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னவன் நான். இதைவிடப் பெரிய முட்டாளை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

மும்தாஜ் பார்த்துவிட்டாள். என் மனைவி. வீட்டில் நான் தொழும்போது பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஏங்க, ஏன் ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்தீங்க?"

"சும்மாதான்."

"கால் வீங்கியிருக்கு. மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

மாமா என்று அவள் சொன்னது என் அத்தாவை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினேன். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் கடைக்குப் போனேன். அவள் பயந்துபோய்ச் சொன்னாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அடுத்து ஏதாவது கேட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர்வரை போய்த் திரும்பினோம். திரும்பும் வழியில் பாதத்துக்குள் ஏதோ நகர்ந்தது. சத்தம் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஷூவுக்குள் ஒரு கல் இடம் மாறினாற்போல இருந்தது. ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் பாதம் பணியாரம்போல உப்பியிருந்தது. ஐஸ் போதாது, உப்புப் போட்ட வெந்நீர்தான் சரி என்று நானே முடிவு செய்தேன். அகலமான வாளியில் கீஸர் தண்ணீரைப் பிடித்துக் காலை வைத்தேன். சூடு பற்றவில்லை. அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் காய வைத்து ஊற்றினேன். அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இன்னொரு பாத்திரம் ஊற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மும்தாஜ் துண்டை நனைத்துப் பிழிந்து தரலாம் என்று வந்தாள். பேசாவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்கிறவள். வாளியில் கையை விட்டவள் "யா அல்லாஹ்!" என்று அலறிக் கையை உதறினாள்.

"கொதிக்குதுங்க! காலை எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

"எங்க கொதிக்குது? வெதுவெதுன்னுதானே இருக்கு?"

அவள் என் முழங்காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். தண்ணீர் தொட்ட இடம்வரை கணுக்காலைச் சுற்றி ஒரே கோடாகச் சிவந்திருந்தது. பெருவிரலின் பக்கத்தில் தோல் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. அவள் தன் விரல்களை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன். கீஸர் வாங்க வருகிறவர்களிடம், பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன் கையை விட்டுப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அத்தாவின் பெருவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலையில் மருத்துவமனை நடைக்கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். கொப்பளத்தைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடுவதாகவும், தொடும்போதெல்லாம் "ஆமா" என்று சொல்ல வேண்டுமென்றும் சொன்னார். நான் நான்கு தடவை சொன்னேன்.

"பத்து இடம் தொட்டேன் சார்," என்றார்.

எக்ஸ்ரே வந்தது. அழுத்த முறிவு (ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்து எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல்). அது மயிரிழையாக இருந்த காலத்தில் நான் ஐஸ் வைத்து ஓடியிருக்கிறேன். இப்போது எலும்பு முழுக்கவே விட்டுவிட்டது.

"எப்ப கடைசியா ஓடினீங்க?"

"நேத்து."

"எவ்ளோ தூரம்?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சார், வேற யாராவது இருந்தா ரெண்டாவது வாரமே என் ரூம்ல வந்து கத்தியிருப்பாங்க. உங்களுக்கு வர வேண்டிய வலியில பாதிகூட வரல. இது நரம்புப் பாதிப்பு." (நெடுநாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் கெட்டு, சூடும் வலியும் சரியாகத் தெரியாமல் போவது.)

எனக்கு ரோஷம் வந்தது. "நாலு வருஷமா ஓடிச் சர்க்கரையைக் குறைச்சு வெச்சிருக்கேன் டாக்டர்," என்றேன்.

"சந்தோஷம். அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் ஏறி இருந்துது?"

தெரியாது. முப்பதுகளில் நான் ஒரு தடவைகூடப் பரிசோதித்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்து நாளுக்கு ஏழெட்டு டீ குடித்த அந்த வருடங்களிலேயே என் கால் என்னை விட்டுப் போக ஆரம்பித்திருக்கிறது. எனக்குத்தான் சேதி வரவில்லை.

"காலை எடுக்க வேண்டி வருமா?" மும்தாஜ்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியை வாயில் வைக்கவே தைரியம் இல்லை.

"இந்தப் புண் ஆறணும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இவர் பேச்சைக் கேட்காம நீங்க என் பேச்சைக் கேளுங்க," என்றார் மருத்துவர். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. ஆனால் அவர் சொன்ன தேதிக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போகிறேன்.

முழங்கால்வரை கழற்றி மாட்டும் கெட்டியான பூட்ஸ். ஓட்டம் கிடையாது, தரையில் உட்காரக் கூடாது. மாத்திரை பழைய அளவுக்கு ஏறியது. எலும்பு எனக்குப் பெரிய தொல்லை தரவில்லை. வெந்நீர்ப் புண்தான் படுத்தியது. ஒரு நாள் காய்ந்ததுபோல இருக்கும், மறுநாள் ஓரம் வெளுத்து ஈரமாக இருக்கும். மும்தாஜ் தினமும் காலையில் கட்டைப் பிரித்துக் குனிந்து மோந்துகூடப் பார்ப்பாள். அவள் முகத்தை வைத்துத்தான் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். எனக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று நான் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனேன். கடைசி வரிசை. பூட்ஸுக்கு உறை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் கைத்தடியை நகர்த்தி, "வாங்க தம்பி," என்றார். முன்வரிசைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று குறுகிப்போய் இருந்தேன். யாரும் திரும்பியே பார்க்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சேகர் அண்ணா ஒரு பாட்டில் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டு அனுப்பிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உனக்குச் சக்கர கீதுன்னு என்னாண்ட ஏன் பாய் சொல்லல? என் பொண்டாட்டிக்கும் கீது. நீ சொல்லிருந்தா ஐஸே வெக்கச் சொல்லிருக்க மாட்டேனே. ஓடவே வுட்டிருக்க மாட்டேன்!"

சொல்லவில்லைதான். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. திட்டுவதற்குப் பதில் அவர் நீட்டியதை வாங்கிக்கொண்டேன். எண்ணெய் பாட்டில் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

புண் ஆறியது. மூன்று மாதத்தில் எலும்பும் ஒட்டியது. இப்போது நடக்கிறேன், கொஞ்சம் மெதுவாக ஓடவும் அனுமதி உண்டு. தரையில் உட்கார்ந்து, விரலை மடக்கி, பழைய இருப்பில் இருக்கிறேன். வலிக்கவில்லை. அதை நம்பலாமா என்று தெரியாததால், தொழுது முடித்ததும் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன்.

மருத்துவர் மும்தாஜுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் விரல்நுனியால் என் கால்விரல் ஒன்றை லேசாகத் தொடுவாள். எது என்று நான் சொல்ல வேண்டும். போன வாரம் காலை, வழக்கம்போல என் காலை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அவள் கவலைப்படுவாளே என்று இருந்தது. இல்லை, அதுவும் பொய். எனக்குத்தான் பயம்.

"பெருவிரல். நல்லாத் தெரியுது," என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நான் இன்னும் தொடவே இல்லங்க," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் யாரை ஏமாத்துறீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி கண்ணை மூடினேன். முன்பெல்லாம் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் தூரம்தான். ஐந்து நிமிடம் என்றால் பள்ளிவாசல் முனை, பத்து என்றால் ரயில்வே கேட். இப்போது ஒரு விரலுக்காக அசையாமல் காத்திருக்கிறேன். வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"இப்ப?" என்றாள்.

"தெரியல," என்றேன்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.