ஷிஃப்டிங் என்று எழுதிய போர்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஃபிஜித் தீவின் கரும்புக் காட்டிலிருந்து ஒரு பிரஷோடு வந்து மார்டின்டாரில் சொந்தக் கடை போட்டேன், மாடி வீடு கட்டினேன், லவுத்தோக்கா வரைக்கும் கடைகளுக்கு போர்டு எழுதினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. என் ஷெட்டில் இன்றும் ஒரு தகர போர்டு சாய்ந்து நிற்கிறது. நமாகாவில் என் மச்சினன் வீட்டு வாசலில் நின்றது அது.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம், எங்கள் இந்திய ஜனத்தில் பாதி வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியது. எல்லா போர்டிலும் 'அர்ஜென்ட் சேல்' என்றே எழுதச் சொன்னார்கள். அதைப் பார்த்தால் வாங்க வருகிறவன் காரை விட்டு இறங்காமலே பாதி விலை கேட்பான். மச்சினன், என் மனைவியின் தம்பி, ஏர்போர்ட் ஆபீசில் இங்கிலீஷ் எழுதிப் பிழைத்தவன். வீடு நல்ல விலைக்குப் போனால்தான் குடும்பத்தோடு பிரிஸ்பேன் போக முடியும். அவனும் அதையே எழுதச் சொன்னான்.

"வேணாம் மச்சான். பயந்து ஓடறவன் வார்த்தை அது."

"அப்போ மைக்ரேட்டிங்னு போடு மாமா. நெசந்தானே?"

"பிளேன் ஏறப்போறேன்னு நீயே டமாரம் அடிச்சா, அவன் கடைசி நாள் வரைக்கும் காத்திருந்து அடிமாட்டு விலைக்குக் கேப்பான். ஷிஃப்டிங்னு போடறேன். அடுத்த தெருவுக்குப் போறவனுக்கு என்ன அவசரம்?"

"மூணாங்கிளாசு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருது, பாரு அக்கா!"

என் மனைவி சிரிக்கவில்லை. "நெசமாவே அடுத்த தெருவுக்கே போயேண்டா" என்றாள்.

வீடு நல்ல விலைக்குப் போனது. கிளம்பும் காலையில் பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர் சாமான் ஏற்ற டிரக்கோடு வந்து, எந்தத் தெரு என்று கேட்டார். மச்சினன் பிரிஸ்பேன் சீட்டு ஒட்டிய பெட்டிகளைக் காட்டினான். புரிந்ததும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் போர்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

தம்பியை மறுபடி பார்க்காமலே என் மனைவி கண்ணை மூடிவிட்டாள். போன மாதம் மச்சினன் மகன் வந்து ஓட்டலில் தங்கினான். ஷிஃப்டிங் என்று போடச் சொன்னது அவன் அப்பாவாம், அவருக்கு இங்கிலீஷ் தெரிந்ததால்தான் வீடு நல்ல விலைக்குப் போனதாம். பிரிஸ்பேனில் விருந்துக்கு விருந்து இந்தக் கதைதானாம். அவனோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஆனால் மச்சினன் சொல்லியாக வேண்டும், அதே விருந்தில், எல்லோர் முன்னாலும். எழுத்து மட்டுமல்ல, அந்தச் சொல்லும் என்னுடையது. போர்டு இங்கே இருக்கிறது. கீழ் மூலையில் என் பெயர் இன்னும் அழியவில்லை.