கோடு வரை நிறைந்த குழாய்

ஸ்ரீரங்கத்தில் ரத்தம் எடுக்கும் மையம் ஒன்றில் சம்ரீனுக்கு வேலை. எடுத்த ரத்தம் திருச்சியிலுள்ள பெரிய லேபுக்குப் போகும். அன்று வந்த வீரம்மாள் இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு முறை குத்தியும் இரண்டு நீல மூடிக் குழாய்களும் பாதிதான் நிறைந்தன. குழாயிலுள்ள கோடு வரை ரத்தம் இல்லாவிட்டால் லேப் ஏற்காது.

“போதும் கண்ணு, கை மரத்துப்போச்சு,” என்றார் வீரம்மாள்.

வெளியே, குழாய்களை லேபுக்குக் கொண்டுபோகும் ஆசாத் பைக்கில் ஹாரன் அடித்தார். சம்ரீன் ஒரு குழாயை மற்றதில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள்.

அப்புறம்தான் உறைத்தது. குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் உறையா மருந்தும் இரட்டிப்பாகிவிட்டதே! ரத்தம் மெதுவாக உறைவதாக ரிசல்ட் வரும். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். வால்வில் ரத்தம் கட்டி அடைக்கும். சொன்னால் வேலை போகும்; சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

போன் போட்டாள். “அண்ணே, அந்த நீல மூடியைக் குடுக்காதீங்க. ரெண்டை ஒண்ணா ஊத்திட்டேன்.”

“லேப் வாசல்ல நிக்கிறேன்மா. நம்ம மேனேஜர் எதிர்லயே இருக்காரு. என்ன சொல்ல?”

“அதையே சொல்லுங்க.”

மகனுக்காகப் பெஞ்சில் காத்திருந்த வீரம்மாளிடம் புது ஊசியோடு போய் நின்றாள்.

“இந்தக் கையையாவது நீ விட்டுவைப்பேன்னு பாத்தேன்,” என்று அவர் மற்றக் கையை நீட்டினார்.