மழை கலந்த வெண்ணெய்

காரமடையிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் தெருவுக்கு வெண்ணெய் கொண்டுவரும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒடிசலான உடம்பு, பெரிய மூக்குத்தி. வெண்ணெய்த் தூக்குப்போசியைத் திறந்ததும் முதலில் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வார்.

கோடை முழுக்க வெளுப்பாக இருந்த வெண்ணெய் ஒரு வாரம் நல்ல மஞ்சளாக வந்தது. "ஏனுங்க, கலர் கிலர் போட்டுட்டீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கூர்ல மழைங்க அம்மணி. நாங்க மூட்டைத் தீவனம் போடறதில்லீங்க. இத்தன நாளும் மாடு காஞ்ச சோளத்தட்டுத்தான் தின்னுச்சு. இப்பப் பச்சப்புல்லு மேயுது, அதானுங்க மஞ்சள்" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்கவில்லை. விரலில் கொஞ்சம் தொட்டு, நான் பார்க்காத அந்த மழையை நாக்கில் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வெண்ணெய் மறுபடி வெளுத்திருந்தது. அவர் வழக்கம்போல் முகர்ந்து பார்த்துவிட்டுப் போசியை நீட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தோம்.