கரி மலைக்குப் போன தம்பி

என் தம்பி வேலை செய்யும் ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஒரு தீவில் இருக்கிறது. அங்கே விசா இல்லாமலே தங்கி வேலை செய்யலாம் என்று, கத்தாரில் வேலை செய்துகொண்டிருந்தவனிடம் யாரோ சொல்ல, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டான். ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை.

அன்றிலிருந்து எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாத்தளையில் படிப்பிக்கும் நான் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் போனை நீட்டுவார்.

"அவனுக்கு எடு. இன்னைக்காவது வெயில் வந்திச்சான்னு கேளு."

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராத ஊர் ஒன்று இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

ஒருமுறை தம்பி வீடியோவில் ஊரைக் காட்டினான். பனிச்சரிவில் வரிசையாகக் கறுத்த மரத்தூண்கள்.

"அந்தக் காலத்துல கம்பியில வாளி தொங்கவிட்டு நிலக்கரி எறக்குன பாதைம்மா. ஒரு அமெரிக்க முதலாளி ஆரம்பிச்ச சுரங்கம். குடும்பத்தோட கப்பல்ல சுத்திப் பார்க்க வந்தவரு, மலையில கரி இருக்கிறதக் கண்டுட்டாரு. பெறகு ஆளுங்களக் கொண்டுவந்து வெட்ட வச்சாரு. ஊருக்கே அவரு பேருதான்."

"பார்க்க வந்தவன் பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே? ஊருல சாப்பாட்டுக்கு வழியில்லையாமா?"

"பெரிய பணக்காரரும்மா."

"அப்ப அவனுக்கும் உட்காரத் தெரியல" என்று அம்மா போனை என்னிடம் தந்துவிட்டார்.

நான் அந்த மனிதரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். மரத்திலும் இரும்பிலும் சம்பாதித்தவர். அந்தக் குளிரில் எது அவரைத் திரும்ப இழுத்தது என்று புரியவில்லை. இருட்டில் கரி வெட்டியவர்களின் பெயர்களையும் தேடினேன். அகப்படவில்லை. எங்கள் மலையில் முதன்முதல் காடு வெட்டியவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியாது. அந்த நினைப்பு வகுப்பறையிலும் என்னை விடவில்லை.

அங்கே கடைசிச் சுரங்கத்தையும் மூடிய பிறகு தம்பி லீவில் வந்தான். இனிப் போகமாட்டான் என்று அம்மா நம்பினார். தம்புள்ளையில் மரக்கறி மொத்தக் கடையொன்றில் வேலைக்குச் சொல்லியும் வைத்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், சாப்பிடாமல் தேயிலைக்குள் ஏறி நடந்தான். நானும் பின்னால் போனேன்.

"சரிவராதுக்கா. இங்க இருந்தா மூச்சு முட்டுது. அங்க போனா அம்மா ஞாபகம்."

"சுரங்கத்தத்தான் மூடிட்டாங்களே?"

"சுத்திப் பார்க்க வர்றவங்க கொறயலக்கா. ஹோட்டல் நெறஞ்சுதான் கெடக்கு."

மாத்தளை பஸ் நிலையத்தில் அவனை ஏற்றிவிட்டோம். அம்மா அழவில்லை. பஸ் போன பிறகும் வீட்டுக்கு வர மறுத்தார். கடைத்தெருவில் எதையும் வாங்காமல் இருவரும் நடந்துகொண்டே இருந்தோம்.