எனக்கு வயது கிடைத்த கதை

காய்ச்சிய மாப்பாலும் ஈரத் தொட்டில் துணியும் கலந்த ஒரு வாசனை, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ‘புள்ளைமடுவ’த்துக்குள் காலெடுத்து வைத்ததுமே முகத்தில் வந்து மோதும். என் வயதை நான் கண்டுபிடித்தது அப்படியொரு மடுவத்தில்தான்.

அப்போது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது கண்டிக்கு அந்தப் பக்கம், வேறொரு தோட்டத்தில். கலவரத்தில் அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான ‘லயங்கள்’ எரிந்த பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் இறந்திருந்தார். என் பிறப்பை அவர் பதியாமலே விட்டுவிட்டார் என்பது பிறப்புப் பதிவுகள் இருக்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பாடசாலையில் சேர்த்த நாளில் பெரிய வாத்தியார் என் கையைத் தலைக்கு மேலால் வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்; கை எட்டியது என்பதால் ஏழு வயது என்று எழுதிக்கொண்டார். எனக்குக் கை நீளம், அவ்வளவுதான். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நேரத்தில் அந்தக் கணக்குப்படி நான் வயது கடந்தவளாகிவிட்டேன்.

“எம்புள்ளைக்குப் பத்துதான், நான் பெத்தவ எனக்குத் தெரியாதா” என்று அம்மா வாத்தியாரிடம் வாதாடினார். எழுத்தில் கொண்டுவந்தால் தாமே பெயரை அனுப்புவதாக அவர் சொன்னார். எழுத்து இருக்கக்கூடிய ஒரே இடம் அந்தப் பழைய தோட்டம். எரிந்த நாளுக்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

ஆனாலும் போனோம். யுத்த காலம் என்பதால் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஓர் இளம் சிப்பாய் சிங்களத்தில் என் வயதைக் கேட்டான். நான் பன்னிரண்டு என்றேன், அதே நேரத்தில் அம்மா பத்து என்றார். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவனோ சிரித்துவிட்டு, இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லி எங்களை ஏற்றி அனுப்பினான்.

மடுவத்தில் பழைய ஆயாவே இருந்தார். அம்மாவைக் கண்டதும் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்காமலே கட்டிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டவுடன் அலுமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த நீளப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். ‘காளியம்மா பொம்பளப் புள்ள, பொறந்து முப்பது நாள்’ என்று எழுதி, பக்கத்தில் திகதியும் போட்டிருந்தது. காளியம்மா என் அம்மா; எனக்குப் பெயர் வைக்கும் முன்பே நான் அந்தப் புத்தகத்தில் ஏறியிருந்தேன்.

இத்தனை எரிந்தும் இது எப்படித் தப்பியது என்று அம்மா கேட்டார்.

“ரெண்டு கைப்புள்ளையோட இதையுந்தான் தூக்கிக்கிட்டுத் தேயிலைக்குள்ள ஓடுனேன். எந்தப் புள்ளயாவது விட்டுப்போச்சான்னு பாக்கணுமில்ல? விடிஞ்சதும் ஒவ்வொரு பேரா கூப்புட்டேன். பத்தொம்பது புள்ளையும் இருந்துச்சு.”

அம்மா வாய்விட்டு அழுதார். ஆயா அவரை அதட்டி, எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ ஊற்றினார்.

அந்தப் புத்தகத்தோடும் ஆயா கொடுத்த சத்தியக் கடதாசியோடும் கண்டிக் கச்சேரிக்கு நடையாய் நடந்தோம். மூன்றாம் முறை போனபோது, கொச்சைத் தமிழ் பேசும் சிங்கள லிகிதர் ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அம்மா சொன்னது சரி. பத்து வயசு, ரெண்டு மாசம்” என்றார். ஒரே நொடியில் இரண்டு வயது குறைந்த மகிழ்ச்சியில் நான் கச்சேரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். வாவிக் கரையில் அம்மா ஐஸ் பழம் வாங்கித் தந்தார். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அம்மா ஐஸ் பழம் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். உதடெல்லாம் சிவந்து, சின்னப் பெண்போல இருந்தார்.

பரீட்சையில் நான் தேறவில்லை, கொஞ்சப் புள்ளிகளில் தவறிவிட்டது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை மண்டபத்திலும் யாரும் என்னை வாசலில் நிறுத்தவில்லை.

இன்று நான் கெலிஓயாவுக்குப் பக்கத்தில் ஆசிரியை. காதைத் தொடவைத்து வயது பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே பதிவும் முடிந்துவிடுகிறது. மடுவங்களுக்கு வர்ணம் பூசிப் புதுப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளை நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவது இன்னும் முற்றாக நிற்கவில்லை. போன வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திடீரென்று வராமல் போனாள். விசாரித்தால், கண்டியில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். சிறுவர் பாதுகாப்பைக் கவனிக்கும் நன்னடத்தை அதிகாரியை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அவளுக்குப் பதினெட்டு என்று வீட்டுக்காரர் சாதித்தார். பதினான்கு என்று சொல்லும் சான்றிதழின் பிரதி என் கைப்பையில் இருந்தது. அன்று பின்னேரமே அவளைக் கூட்டிவந்துவிட்டோம்.

இப்போது முன்வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சை நிறுத்தச் சொல்லி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவளை அதட்ட வேண்டியிருக்கிறது.